புதிய மருந்தின் முழுக் கணக்கையும் சொல்லுங்கள்: முடக்குவாத மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் முடக்குவாத மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

நான் உங்கள் நோயாளிகளில் ஒருத்தி. திருச்சிப் பக்கம். நாற்பதை நெருங்கும்போது விரல் கணுக்களில் ஆரம்பித்த ஆர்.ஏ. (மூட்டுகள் வீங்கி வலிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம்) இன்று மணிக்கட்டு, முழங்கால், பாதம் என்று ஒரு சுற்று வந்துவிட்டது. பள்ளியில் ஆசிரியை வேலை. கரும்பலகையில் நான் எழுதி நாளாகிறது. நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அரசு மருத்துவமனை ஓ.பி.யில் காத்திருந்திருக்கிறேன், தனியார் மருத்துவமனையில் டோக்கன் வாங்கியும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர்கள் பேசிக்கொள்வது ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் பேச்சு உங்கள் அறைக்குள் வருவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

“கழுத்துல சின்னதா ஒரு மிஷின் வெச்சா வலி அடங்கிடுதாமே.” “வெளிநாட்டுல ரத்தத்தை எடுத்து மாத்தி ஏத்துறாங்களாம், ஒரே தடவையில நோயே போயிடுதாம்.” “எம் பொண்ணுக்கு வராம இருக்க இப்பவே ஊசி போடலாமாமே.” இப்படிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் பெயர் கூப்பிட்டதும் உள்ளே போகிறார்கள். “எப்படி இருக்கீங்க?” “பரவாயில்லை டாக்டர்.” மூட்டை அமுக்கிப் பார்க்கிறீர்கள், அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டுகிறீர்கள், மாத்திரை எழுதித் தருகிறீர்கள். வெளியே வந்ததும் அடுத்தவர் கேட்கிறார்: “கேட்டீங்களா?” “எங்க கேக்கறது, பின்னால இவ்வளவு பேர் நிக்கறாங்க.”

உங்களுக்கு நேரமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். பல மாவட்டங்களில் மூட்டு வீங்கினால் முதலில் போவது எலும்பு டாக்டரிடம். முடக்குவாதத்துக்கென்று படித்தவரைத் தேடி சென்னைக்கோ மதுரைக்கோ வேலூருக்கோ பஸ் ஏறவேண்டியிருக்கிறது. அவ்வளவு கூட்டத்தையும் நீங்கள்தான் பார்க்கிறீர்கள். ஆகவே எந்த ஒருவர் மீதும் குறை சொல்ல இந்த மடல் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். புதிய சிகிச்சை எதையாவது எங்களுக்கு எழுதும்போதோ, நாங்கள் அதைப் பற்றிக் கேட்கும்போதோ, முழுக் கணக்கையும் சொல்லுங்கள். எத்தனை பேருக்கு அது கேட்கிறது, எத்தனை பேருக்குக் கேட்கவில்லை, என்ன கெடுதல் வரலாம், வருஷத்துக்கு எவ்வளவு ஆகும், நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதையெல்லாம் சொல்லுங்கள். “நல்ல மருந்துமா, போட்டுக்கோங்க” என்பது அந்தக் கணக்கில் சேராது.

எங்களுக்குச் சந்தேகம் வருவது படிக்காததனாலோ பயந்த சுபாவத்தினாலோ அல்ல. இந்த நோய்க்கு வந்த மருந்துகளின் கதையைப் பார்த்தாலே சந்தேகம் நியாயம் என்று தெரியும். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், படுக்கையை விட்டு எழவே சிரமப்பட்ட 29 வயதுப் பெண்ணுக்கு கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்து கடைவீதிக்கே போய் வந்தாராம். இரண்டே வருஷத்தில், 1950இல், ஹென்சுக்கும் உடன் உழைத்தவர்களுக்கும் நோபல் பரிசு. முடக்குவாதம் ஒழிந்தது என்றே அன்று பலர் நினைத்தார்கள். அப்புறம்தான் முகம் உப்பியது, எலும்பு தேய்ந்தது, சர்க்கரை ஏறியது, ஊசியை நிறுத்தினால் வலி பழையபடி வந்தது. அந்தக் கதை மேயோ கிளினிக்கோடு முடியவில்லை. இன்றும் எங்கள் பக்கத்து ஊர்களில் சரவாங்கி என்று போனால், சீட்டு இல்லாமலே மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு கிடைக்கிறது. தின்ற மறுநாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்க முடிகிற ஒரு பெண்ணிடம் “இதைத் தொடர்ந்து சாப்பிடாதே” என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மெத்தோட்ரெக்சேட்டுக்கு வருவோம். எங்களில் பெரும்பாலோருக்கு அதுதான் அடிப்படை மருந்து. அதைப் பற்றிய பயமும் மெடிக்கல் ஷாப்பில்தான் ஆரம்பிக்கிறது. சீட்டைப் பார்த்ததும், “இது கேன்சர் மருந்தாச்சே, யாருக்குங்க?” என்று கேட்டுவிடுகிறார் கடைக்காரர். வீட்டுக்குப் போய் அந்த அட்டையை அப்படியே பீரோவில் வைத்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். அடுத்த முறை வரும்போது உங்களிடம் “சாப்பிடறேன் டாக்டர்” என்பார்கள். நீங்களும் மருந்து கேட்கவில்லை என்று அளவைக் கூட்டுவீர்கள்.

இந்த மருந்தின் கதையை நம் ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும் என்று எனக்குத் தோன்றும். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆய்வகத்தில் நடத்திய வேலையில் பிறந்த மருந்துக் குடும்பம்தான் இது. ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமினைச் செயற்கையாகச் செய்ததும் அவருடைய குழு, அதற்கு எதிராக வேலை செய்யும் மருந்துகளைச் செய்ததும் அதே குழு. வாரத்தில் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட்டும் வேறொரு நாள் ஃபோலிக் ஆசிட்டும் விழுங்குகிறோமே, இரண்டும் ஒரே இடத்துச் சரக்கு. சுப்பாராவ் 1948இல் இறந்துவிட்டார். அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கென்று மெத்தோட்ரெக்சேட் அங்கீகாரம் பெற்றது 1988இல்தான். புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு வேறு, எங்களுக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை என்பது வேறு. இதை ஒரு நிமிஷம் சொன்னால் போதும். அதைவிட முக்கியம், வாரம் ஒருமுறை என்பது. தினமும் விழுங்கி வாய் முழுக்கப் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் உண்டு. உயிருக்கே ஆபத்தான தவறு இது. அட்டையில் இருப்பது ஆங்கிலம், சீட்டில் இருப்பதும் ஆங்கிலம். “ஞாயிறு மட்டும்” என்று இரண்டு வார்த்தை தமிழில் எழுதுவதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் புழங்கும் மருந்துக்கே இந்த நிலை என்றால், நேற்று வந்த மருந்தைப் பற்றி எங்களுக்கு என்ன சொல்லப்படும் என்ற கேள்வி எழாதா?

2020 மார்ச்சையும் நாங்கள் மறக்கவில்லை. ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொரோனாவைத் தடுக்கும் என்று பேச்சு கிளம்பிய வாரமே கடைகளில் அது காணாமல் போனது. வருஷக்கணக்காக அதைச் சாப்பிட்டு வந்த எங்களுக்கும் லூபஸ் (உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் இன்னொரு நோய்) நோயாளிகளுக்கும் “ஸ்டாக் இல்லை” என்றார்கள். சில மாதத்தில் பெரிய ஆய்வுகளின் முடிவு வந்தது. கொரோனாவுக்கு அது உதவவில்லை. யாரோ எங்கோ வைத்த நம்பிக்கைக்கு எங்கள் மாத்திரை போனது.

இனி பயாலஜிக் ஊசிகள், அதாவது உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் புரத மருந்துகள். இவற்றால் எழுந்து நடந்தவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். டி.என்.எஃப். என்ற ஒரே ஒரு புரதத்தைத் தடுத்தால் மூட்டின் அழற்சி தணியும் என்று லண்டனில் ஃபெல்ட்மனும் மைனியும் 1992இல் நோயாளிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். 1998இல் எட்டனர்செப்ட், 2002 கடைசியில் அடாலிமுமாப் என்று அமெரிக்காவில் வரிசையாக அங்கீகாரம் வந்தது. நமக்கு இவை எட்டாக்கனியாகவே இருந்தன. 2014 டிசம்பரில் அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம், அடாலிமுமாபின் பயோசிமிலரை (அதே மருந்தை ஒத்த நகலை) உலகிலேயே முதலாவதாக இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை அமெரிக்க விலையில் ஐந்தில் ஒரு பங்கு என்று செய்தி வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் ஐந்தில் ஒரு பங்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வருஷக்கணக்கில் என்றால், மாதச் சம்பளம் வாங்கும் எனக்கே மூச்சு முட்டும். களையெடுக்கப் போகும் பெண்ணுக்கு? காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பார்கள். மருத்துவக் காப்பீடு என்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்துகொள்ளும் வைத்தியத்தை மனத்தில் வைத்து வகுத்தது. முடிவில்லாமல் மாதாமாதம் வாங்கும் மருந்துக்கு அந்த வரம்பு எத்தனை நாள் தாங்கும்?

பாதியில் நிறுத்தியவர்கள்தான் அதிகம். தாலிச் சங்கிலி வரை அடகு வைத்து ஆறு மாதம் போட்டுவிட்டு, நல்லாயிட்டோம் என்று விட்டவர்களுக்கு வீக்கம் திரும்பி வந்தது. நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்பும் என்பது உங்களுக்கு முதல் ஊசியின் அன்றே தெரியும். அன்றே ஒரு வருஷச் செலவை எழுதிக் காட்டியிருந்தால், அந்தக் குடும்பம் வேறு முடிவு எடுத்திருக்கலாம். எடுக்காமலும் இருந்திருக்கலாம். முடிவு அவர்களுடையதாக இருந்திருக்கும்.

வேறு முடிவு என்று ஒன்று உண்டா என்றால், உண்டு. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதாத 353 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு சல்ஃபாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மற்ற பாதிக்கு எட்டனர்செப்ட் ஊசி. கேட்காதவர்களை இடையில் மாற்றிக்கொள்ளவும் விட்டார்கள். 48 வாரம் கழித்துப் பார்த்தபோது, மலிவான மாத்திரையிலிருந்து ஆரம்பித்த கூட்டம் ஊசிக் கூட்டத்துக்குச் சளைக்கவில்லை. “இதைவிடக் குறைச்ச விலையில வேற இருக்கா டாக்டர்?” என்று ஒருவர் கேட்கும்போது, வைத்தியத்தின் மேல் அக்கறை இல்லாதவர் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். மருத்துவ இதழ்களே கேட்டுப் பதில் சொன்ன கேள்வி அது.

“கேட்கிறது” என்பதை நீங்கள் எப்படி அளக்கிறீர்கள் என்பதையும் யாராவது எங்களுக்குச் சொல்லவேண்டும். நான் இதைத் தெரிந்துகொண்டது ரொம்பத் தாமதமாக. மருந்து ஆய்வுகளில் ஏ.சி.ஆர். 20 என்று ஓர் அளவு. வலிக்கிற மூட்டும் வீங்கிய மூட்டும் இருபது சதவீதம் குறைந்து, வலி, அன்றாட வேலை, ரத்தப் பரிசோதனை போன்ற ஐந்தில் மூன்றும் அதே அளவு முன்னேறினால், மருந்து கேட்டது என்று கணக்கு. மெத்தோட்ரெக்சேட் போதாதவர்களுக்குப் பயாலஜிக் ஊசியைச் சேர்த்தால், தோராயமாக நூறில் அறுபது பேர் இந்த இருபது சதவீதத்தைத் தொடுகிறார்கள். ஐம்பது சதவீத முன்னேற்றம் நாற்பது பேருக்கு, எழுபது சதவீதம் இருபது பேருக்கு. இது உங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்காம். எங்களுக்கோ “போட்டால் சரியாகிவிடும்” என்றுதான் காதில் விழுகிறது. அந்த அறுபதில் சேராத நாற்பது பேரில் ஒருத்தி, தன் ராசிதான் சரியில்லை என்று அழுதுகொண்டு போகிறாள்.

காசநோயைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகத்துக் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர். உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் டி.பி.யை டி.என்.எஃப். தடுப்பு ஊசி எழுப்பிவிடும் என்பது 2001இலேயே தெரிந்துவிட்டது. அதனால்தான் ஊசிக்கு முன்னால் மாண்டூ என்ற தோல் பரிசோதனை பார்க்கிறீர்கள், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிறீர்கள். ஏன் என்று சொல்லாமல் எடுக்கச் சொன்னால், “இன்னும் ஒரு டெஸ்ட், இன்னும் கொஞ்சம் பணம்” என்றுதான் எங்களுக்குப் படுகிறது. காரணம் சொன்னால் இருமல் வந்த உடனே நாங்களே ஓடி வருவோம்.

இப்போது பலருக்கும் எழுதித் தரப்படுபவை டோஃபாசிடினிப் போன்ற ஜாக் மாத்திரைகள் (அழற்சியைக் கிளப்பும் ஜாக் என்ற நொதியைத் தடுப்பவை). ஊசி இல்லை, ஃபிரிட்ஜ் வேண்டாம், உள்நாட்டு நிறுவனங்கள் பல தயாரிக்கத் தொடங்கியதும் விலையும் இறங்கிவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் 2021 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இவற்றின் மேல் கடும் எச்சரிக்கை போட்டது. ஐம்பது வயதைத் தாண்டி, இதய நோய்க்கான ஏதாவது ஒரு காரணமும் உடைய 4,300 பேருக்கு மேல் வைத்துப் பார்த்த ஆய்வின் விளைவு அது. சராசரியாக நாலு வருஷம் தொடர்ந்ததில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை டோஃபாசிடினிப் எடுத்தவர்களில் 3.4 சதவீதத்துக்கும், டி.என்.எஃப். ஊசி எடுத்தவர்களில் 2.5 சதவீதத்துக்கும் வந்தன. புற்றுநோய் முறையே 4.2 சதவீதத்துக்கும் 2.9 சதவீதத்துக்கும்.

எங்கள் பெஞ்சைப் பாருங்கள். ஐம்பது தாண்டியவர்கள், பி.பி. உள்ளவர்கள், சர்க்கரை உள்ளவர்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். ஆனால் இந்த எண்களை அறைக்குள் கேட்ட ஒருவரைக்கூட நான் இதுவரை சந்திக்கவில்லை. சொன்னால் பயந்து மருந்தை விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறீர்களோ என்னவோ. ஆயிரத்தில் இருபத்தைந்து பேருக்கு வருவது முப்பத்துநாலு பேருக்கு வரும் என்று என்னிடம் சொல்லியிருந்தால், “காலையில் எழுந்து தலை பின்னிக்கொள்ள முடிகிறது, இருக்கட்டும் டாக்டர்” என்றே பதில் சொல்லியிருப்பேன். என் பக்கத்தில் இருந்த, கணவரை மாரடைப்பில் பறிகொடுத்த பெண் வேறு பதில் சொல்லியிருப்பார். கறிக்கடையில்கூட எடைக்கல்லை நம் பக்கம் திருப்பிக் காட்டுகிறார்கள். எங்கள் உடம்பைப் பற்றிய எண்களை எங்கள் பக்கம் திருப்பக் கூடாதா?

சரி, பெஞ்சில் பேசிக்கொள்கிற அந்த மூன்று அதிசயங்கள். தெரிந்தவரை நானே தேடிப் படித்தேன். கழுத்துக் கருவி உண்மைதான். மூளையிலிருந்து கழுத்து வழியே இறங்கும் வேகஸ் நரம்பில் பொருத்தி தினமும் ஒரு நிமிஷம் லேசான மின்தூண்டல் கொடுக்கிறார்கள். 2025 ஜூலையில் அமெரிக்காவில் அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. 242 பேரிடம் நடந்த ஆய்வில், மூன்று மாதத்தில் ஏ.சி.ஆர். 20ஐத் தொட்டவர்கள் கருவி வேலை செய்த கூட்டத்தில் 35 சதவீதம், கருவி பொருத்தியும் ஓடவிடாத கூட்டத்தில் 24 சதவீதம். வித்தியாசம் நூறுக்குப் பதினொரு பேர். ஊசி எதுவும் கேட்காமல், அல்லது ஒத்துக்கொள்ளாமல் தவிப்பவர்களுக்கு அது பெரிய விஷயமாக இருக்கலாம். ஆனால் “வலி அடங்கிடுதாமே” என்று வந்த செய்தியில் இந்தப் பதினொன்று இல்லை.

ரத்தத்தை மாற்றி ஏற்றுவது என்று பேசுகிறார்களே, அது கார்-டி சிகிச்சை. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து மருத்துவர்கள் நோயாளியின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பு சக்திக்கான டி அணுக்களை எடுத்து, மாற்றியமைத்து, திரும்ப ஏற்றி, லூபஸில் ஆச்சரியமான பலன் கண்டார்கள். 2024இல் வெளியிட்ட 15 பேரில் எட்டுப் பேர் லூபஸ், மற்றவர்கள் தசை அழற்சியும், தோல் தடித்து இறுகும் ஸ்க்லீரோடெர்மாவும். முடக்குவாதக்காரர் அந்தப் பட்டியலில் ஒருவரும் இல்லை. இந்தியாவில் ஐ.ஐ.டி. மும்பையில் உருவான கார்-டி 2023 அக்டோபரில் அங்கீகாரம் பெற்றது ரத்தப் புற்றுநோய்க்கு. செலவு பல பத்து லட்சம். இதை நீங்கள் சொன்னால் நாங்கள் ஏமாற மாட்டோம், நம்பிக்கையையும் முழுசாக விட்டுவிட மாட்டோம். நீங்கள் சொல்லாவிட்டால், “ஸ்டெம் செல் வைத்தியம்” என்று போர்டு மாட்டி லட்சக்கணக்கில் பிடுங்குகிற ஆட்கள் சொல்வார்கள்.

மூன்றாவது, வருமுன் தடுப்பது. இதுதான் பெண்களை ரொம்ப இழுக்கிறது, ஏனென்றால் இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம், எங்கள் மகள்களைப் பார்க்கும்போதெல்லாம் அடிவயிறு கலங்குகிறது. மகளுக்கு விரல் வலி என்றால் இந்த நோயின் அறிகுறியை ரத்தத்தில் தேடும் ஆன்டி-சி.சி.பி. பரிசோதனைக்கு நாங்களே கூட்டிப்போய்விடுகிறோம். பிரிட்டனிலும் நெதர்லாந்திலும், அந்தச் சோதனையில் பாசிட்டிவ் வந்து மூட்டுவலி மட்டும் இருந்த 213 பேரை எடுத்து, பாதிப்பேருக்கு ஒரு வருஷம் அபடாசெப்ட் என்ற பயாலஜிக் ஊசியும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். ஒரு வருஷ முடிவில் முடக்குவாதம் வந்தவர்கள் அபடாசெப்ட் கூட்டத்தில் 6 சதவீதம், மற்றதில் 29. கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஊசியை நிறுத்தி இன்னொரு வருஷம் பார்த்தபோது அது 25க்கு 37 ஆகிவிட்டது. அதாவது பலருக்குத் தள்ளிப்போனது, தடுக்கப்பட்டது என்று சொல்ல முடியவில்லை. இன்னொரு பக்கம், மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் நூறில் அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு வருஷத்தில் நோய் வரவேயில்லை. வராமலே போயிருக்கக்கூடிய ஒரு பெண்ணுக்கு வருஷம் முழுக்க ஊசி போட ஒரு தாய் சம்மதிக்க வேண்டுமா? எனக்குப் பதில் தெரியவில்லை. என் மகளை உட்கார வைத்து இந்த எண்களைச் சொல்லி என்னோடு சேர்ந்து யோசிக்கிற ஒரு மருத்துவர் எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

மகள்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டும். இருபது, இருபத்தைந்து வயதில் இந்த நோய் வந்த பெண்ணின் சந்தேகங்கள் எதுவும் மருந்து ஆய்வில் இருக்காது. மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா, மறைப்பதா? மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது, முன்கூட்டியே நிறுத்தவேண்டும். ஆனால் கல்யாணமான மறுமாதமே “ஏதாவது விசேஷம் உண்டா?” என்று கேட்கிற வீட்டில், ஆறு மாதம் தள்ளிப்போடலாம் என்று அவள் எப்படிச் சொல்வாள்? அம்மா வீட்டிலிருந்து மாத்திரையை மஞ்சள் டப்பாவில் ஒளித்து எடுத்துப்போன பெண்ணை எனக்குத் தெரியும். புதிய ஜாக் மாத்திரையும் கர்ப்பத்தில் ஆகாது. ஊசிகளில் சிலவற்றை அந்தக் காலத்திலும் தொடரலாம் என்று படித்திருக்கிறேன். இதைக் கணவரையும் கூட வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு முன்போ பின்போ ஒருமுறையாவது பேசுங்கள். “குழந்தை பெத்துக்கணும்னா சொல்லுங்க, மாத்திக்கலாம்” என்று நடந்துகொண்டே சொல்வது போதவில்லை. அவள் உங்களிடம் சொல்லும்போது பெரும்பாலும் நாள் தள்ளிப்போயிருக்கும்.

சித்தா, ஆயுர்வேதம் சாப்பிடுகிறோமா என்று கேட்டால் இல்லை என்போம். சாப்பிடுகிறோம். முடக்கத்தான் தோசையில் யாருக்கும் கெடுதல் இல்லை. பெயரில்லாத பொட்டலத்தில் வரும் பொடியில்தான் பயம், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். திட்டுவீர்கள் என்பதால் மறைக்கிறோம். கோயம்புத்தூரில் முறைப்படியே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது: 43 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து ஆயுர்வேதம், மெத்தோட்ரெக்சேட், இரண்டும் சேர்த்து என்று கொடுத்தார்கள். எது யாருக்கு என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2011இல் வெளியான முடிவில் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றன. 43 பேரை வைத்து எதையும் முடிவாகச் சொல்ல முடியாது என்பது எனக்கே தெரிகிறது. ஆனால் அதைத் தொடர்ந்து நம் ஊரிலேயே பெரிதாக ஒன்றைச் செய்து “கேட்கிறது” என்றோ “கேட்கவில்லை” என்றோ சொல்லியிருந்தால் எவ்வளவு பேருடைய அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

ஆய்வு என்றதும் எங்களில் பலருக்கு “நம்மள வெச்சு சோதனை பண்றாங்க” என்ற பேச்சுதான் நினைவுக்கு வரும். 2019இன் மருந்து ஆய்வு விதிகளில் சேருபவருக்குப் பாதுகாப்பு உண்டு. ஆய்வினால் கெடுதல் வந்தால் வைத்தியச் செலவும் இழப்பீடும் தரவேண்டும், சம்மதத் தாள் புரிகிற மொழியில் இருக்கவேண்டும். சொன்னால் சேருவோம். ஆனால் சேர்ந்தவர்களுக்கு முடிவைச் சொல்கிறீர்களா? முடக்குவாதத்துக்கான ஒட்டிலிமாப் என்ற ஊசியை ஒரு பெரிய நிறுவனம் கடைசிக் கட்ட ஆய்வு வரை கொண்டுபோய், 2022இல் இனி அங்கீகாரம் கேட்கப்போவதில்லை என்று விட்டுவிட்டது. அப்படி விடப்படும் மருந்துகளை உடம்பில் ஏற்றிக்கொண்டவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள். மருந்து ஏன் போனது என்று அவர்களுக்கும் ஒரு கடிதம் வந்திருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இன்னொரு கவலை. வெளிநாட்டில் அங்கீகாரம் பெற்ற சில வகைப் புதிய மருந்துகளுக்கு இங்கே தனியாக ஆய்வு தேவையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தளர்த்தியிருக்கிறது. மருந்து சீக்கிரம் வரும், சந்தோஷம். ஆனால் டி.பி. இவ்வளவு இருக்கிற, சர்க்கரை இவ்வளவு இருக்கிற நம் ஊரில் அது என்ன செய்கிறது என்று யார் பார்ப்பார்கள்? பிரிட்டனில் 2001 முதல் பயாலஜிக் எடுப்பவர்களைப் பதிவேடு போட்டு வருஷக்கணக்காகத் தொடர்ந்து வருகிறார்கள். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முடக்குவாதத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது, வேலூரிலும் இருக்கிறது. நீங்கள் சேர்ந்து ஒரு பதிவேடு ஆரம்பிக்கக் கூடாதா? மலிவு டோஃபாசிடினிப் எடுத்த தமிழ்நாட்டுக்காரர்களில் எத்தனை பேருக்கு அக்கி வந்தது, எத்தனை பேருக்கு டி.பி. வந்தது என்பதை அமெரிக்காவிலிருந்து யாரும் நமக்குச் சொல்லப்போவதில்லை.

அரசிடம் நீங்கள் கேட்டுத் தரக்கூடியதும் ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பி.பி., சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. மெத்தோட்ரெக்சேட்டையும் ஃபோலிக் ஆசிட்டையும் அதில் சேர்த்து, ரத்த அணுக்களையும் கல்லீரலையும் பார்க்கிற பரிசோதனையை அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்ய வழி பண்ணினால், விரல் மடங்காத கையோடு பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நாங்கள் வரவேண்டியதில்லை. நாங்கள் கேட்டால் மனுவாகப் போய்ச் சேரும். நீங்கள் கேட்டால் கோப்பாக நகரும்.

இவற்றில் பலதுக்கு நாளாகும் என்று தெரியும். உடனே செய்யக்கூடியது ஒரு தாள். புதிய மருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், தமிழில்: நூறில் எத்தனை பேருக்குக் கேட்கும், கெடுதல் எத்தனை பேருக்கு, எந்த அறிகுறி கண்டால் உடனே வரவேண்டும், ஒரு வருஷச் செலவு, நிறுத்தினால் என்ன, கர்ப்பத்தில் ஆகுமா, எத்தனை மாதம் பார்த்துவிட்டு மாற்றுவீர்கள். மருந்து நிறுவனத்தின் ஆள் அச்சடித்துத் தருகிற வண்ணத் தாள் வேண்டாம். உங்கள் துறையின் பெயரில், கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால் போதும். காத்திருக்கும் நேரத்தில் படித்துவிட்டு, உள்ளே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்போம். உங்களுக்கும் நேரம் மிச்சம்.

நீங்கள் எண்களைக் கொடுங்கள். படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கும் புரிகிற தமிழில் அதை எழுதித் தர நானும் என்னோடு காத்திருப்பவர்களில் சிலரும் தயார். எழுதுவதற்கு என் கை ஒத்துழைக்காது, பிள்ளைகள் தட்டச்சு செய்து தருவார்கள். நீங்கள் சரிபார்த்துக் கொடுத்தால் அடுத்த ஓ.பி. நாளிலிருந்தே பயன்படும்.

இப்படிக்கு,
திருச்சி மாவட்டத்திலிருந்து ஒரு முடக்குவாத நோயாளி